சவலைப் பிள்ளையைத் தேற்றுவது எப்படி: கடலூர், புதுச்சேரி இருளர் குடியிருப்புகளுக்கான வழிகாட்டி

பழங்குடிக் குழந்தைகளின் ஊட்டக்குறைவு என்றதும் பலருக்கும் மலைதான் நினைவுக்கு வருகிறது. கல்வராயன் மலைக்கும் ஜவ்வாது மலைக்கும் கிடைக்கும் கவனம், கிள்ளை உப்பங்கழியின் ஓரத்திலும் ஏரிக்கரைகளிலும் ஓடைப் புறம்போக்குகளிலும் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்களுக்குக் கிடைப்பதில்லை. 1993 வரை ஒரே தென்னாற்காடு மாவட்டமாக இருந்த இந்த நிலத்தில், கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினரும் சமவெளியிலும் கடலோரத்திலும் இருளரும் வாழ்ந்து வருகிறார்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்திய ஆறு பிரிவுகளுள் இருளரும் ஒருவர். புதுச்சேரியிலோ 2016ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பிறகுதான் அவர்கள் பட்டியல் பழங்குடியாகவே ஏற்கப்பட்டார்கள்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குட்டையாக இருக்கிறார்கள். 22 பேர் எடை குறைந்தும், ஏறத்தாழ 15 பேர் உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்தும் இருக்கிறார்கள். இவை மாநிலம் முழுவதற்குமான சராசரிகள். முப்பது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் எத்தனை பிள்ளைகள் மெலிந்திருக்கிறார்கள் என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது. அங்கே போய், ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து அளந்தால்தான் தெரியும். இந்த வழிகாட்டி, அப்படிப் போகக்கூடிய அங்கன்வாடிப் பணியாளருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும், அதைவிட முக்கியமாக, அந்தக் குடியிருப்பிலேயே வாழும் படித்த பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் எழுதப்படுகிறது. மருத்துவருக்கு மாற்றாக இது எழுதப்படவில்லை. எந்தப் பிள்ளையை மருத்துவரிடம் எப்போது கொண்டுபோக வேண்டும் என்பதையும், கொண்டுபோன பிறகு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்வதே இதன் நோக்கம்.

முதலில் பட்டியல்

அங்கன்வாடிப் பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளைகளை மட்டும் அளந்துவிட்டுத் திரும்புவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் முதல் தவறு. மிகவும் மெலிந்த பிள்ளை பெரும்பாலும் பதிவேட்டுக்கு வெளியேதான் இருக்கும். பொங்கல் முடிந்து செங்கல் சூளைக்குப் போன குடும்பம், சவுக்கு வெட்டப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பிய குடும்பம், மாந்தோப்புக்கோ முந்திரித் தோப்புக்கோ காவலாகத் தனியே தங்கியிருக்கும் குடும்பம் ஆகியவற்றின் பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் நிலையாக இருப்பதில்லை. ஆகவே வீடு வீடாகப் போய் உங்கள் கையால் ஒரு பட்டியல் எழுதுங்கள். பகல் பதினொரு மணிக்குப் போனால் கிழவிகளும் கைப்பிள்ளைகளும் மட்டுமே இருப்பார்கள். உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் நீர்மட்டத்தைப் பார்த்துப் போய்த் திரும்புகிறவர்கள் என்பதால், தாய்மார் எந்த வேளையில் வீட்டில் இருப்பார்கள் என்று முதல் நாளே கேட்டு, அந்த வேளைக்குப் போங்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளை எழுதிய பிறகு, "இப்போ இங்க இல்லாத புள்ளைங்க யாராச்சும் உண்டா?" என்று மூத்த பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு பட்டியலில் நான்கைந்து பெயர்கள் கூடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு ஊர் நிகழ்வுகளை வைத்து வயதைக் கணிக்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பிள்ளை வயிற்றில் இருந்ததா, மடியில் இருந்ததா என்று கேட்கலாம். ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் மாசி மகத் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு வந்தபோது பிள்ளை தவழ்ந்ததா, நடந்ததா என்று கேட்கலாம். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடும் வழக்கம் இருளருக்கு உண்டு என்பதால், "எந்த மாசி மகத்துக்குத் தூக்கிக்கிட்டுப் போனீங்க?" என்ற கேள்விக்கு ஆயாக்கள் தெளிவாகப் பதில் சொல்வார்கள். வயதில் மூன்று மாதப் பிழை ஏற்பட்டாலும் வளர்ச்சி அட்டையில் பிள்ளை தவறான நிறத்தில் விழுந்துவிடும். அதனால் இதற்குச் செலவாகும் நேரம் வீணன்று.

அளப்பது

கையில் இருக்க வேண்டிய முதல் கருவி, கைச்சுற்றளவை அளக்கும் மூவண்ண நாடா. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். வயது துல்லியமாகத் தெரியாவிட்டாலும் இந்த அளவு பயன்படும் என்பதே இதன் பெரிய வசதி. பிள்ளையின் இடது கையை முழங்கையில் மடக்கி, தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியின் மேல் நாடாவைச் சுற்றுங்கள். தோலை இறுக்கிப் பள்ளமாக்கவும் கூடாது, இடைவெளி தெரியுமாறு தளர்த்தவும் கூடாது. 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் பச்சை. 11.5 முதல் 12.5க்குள் இருந்தால் மஞ்சள், அதாவது மிதமான மெலிவு. 11.5க்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது உயிருக்கு ஆபத்தான கடும் மெலிவு. அழுகிற பிள்ளை கையை விறைத்துக்கொள்ளும். தாயின் மடியில் உட்கார வைத்து அமைதியான பிறகு மறுபடி அளந்து, இரண்டாவது அளவை எழுதுங்கள்.

நாடா பச்சை காட்டினாலும் கால்களைப் பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள். இரண்டு புறங்கால்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர்வீக்கம். அந்தப் பிள்ளையின் கைச்சுற்றளவு எவ்வளவாக இருந்தாலும் கடும் ஊட்டக்குறைவு என்றே கொள்ள வேண்டும். உப்பிய கன்னத்தைப் பார்த்து "நல்லா கொழுகொழுன்னு இருக்குது" என்று ஊரே மகிழ்ந்துகொண்டிருக்கையில், அது நீர் கோத்த முகமாக இருப்பதுண்டு. நிறம் வெளுத்து எளிதில் பிடுங்க வரும் முடியும், எதிலும் நாட்டமில்லாமல் முனகிக்கொண்டே இருக்கும் இயல்பும் இதனுடன் சேர்ந்து வரும் அடையாளங்கள்.

எடை பார்க்கையில், தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்பு பாருங்கள். ஈரத்துணியையும் தண்டையையும் கழற்றிவிடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நீளத்தைப் படுக்க வைத்தும், அதற்கு மேற்பட்ட பிள்ளையின் உயரத்தை நிற்க வைத்தும் அளக்க வேண்டும். அட்டை கையில் இல்லாத வேளையில் நினைவில் வைத்துக்கொள்ளச் சில எண்கள் உதவும். நல்ல வளர்ச்சியுள்ள பிள்ளை பிறந்த எடையைப் போல இருமடங்கை ஐந்தாம் மாத அளவிலும், மும்மடங்கை ஓராண்டு நிறைவிலும் எட்டும். ஒரு வயதில் ஆண் குழந்தை 7.7 கிலோவுக்கும் பெண் குழந்தை 7 கிலோவுக்கும் கீழே இருந்தால் எடைக்குறைவு. இரண்டு வயதில் அந்த எல்லை முறையே 9.7 கிலோவும் 9 கிலோவும் ஆகும்.

தாயிடம் பேசுவது

அளந்து முடித்ததும் வாயில் வரும் முதல் சொல் கண்டிப்பாக இருந்தால், அந்த வீட்டுக்கதவு உங்களுக்கு மறுமுறை திறக்காது. இந்தத் தாய்மார் ஏற்கெனவே பல அலுவலகங்களில் ஒதுக்கி நிறுத்தப்பட்டவர்கள். ஒரு மருத்துவமனையில், குளிக்காமல் பிள்ளையைத் தூக்கி வந்ததாக ஒரு தாயைச் செவிலியர் எல்லோர் முன்னிலையிலும் திட்டியதையும், அந்தத் தாய் மருந்துச் சீட்டைக்கூட வாங்காமல் இறங்கிப் போனதையும் நான் பார்த்து நின்றிருக்கிறேன். அந்தக் குடியிருப்பிலிருந்து அடுத்த ஓராண்டுக்கு யாரும் அங்கே போகவில்லை.

அவர்களுடைய சொற்களிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதும் பால் மறந்து மெலியும் பிள்ளையைச் 'சவலை' என்பார்கள். திடீரென்று வற்றிப்போகும் பிள்ளைக்குத் 'தேரை விழுந்துவிட்டது' என்பார்கள். பேதியும் வாந்தியுமாகக் கிடந்தால் 'சீர் தட்டிவிட்டது' என்பார்கள். இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறவர், தாய் தன் பிள்ளையின் மெலிவைத் தானே கண்டுபிடித்துவிட்டாள் என்ற செய்தியைக் கேட்கத் தவறுகிறார். சவலை என்ற சொல்லில் இரண்டு பிரசவங்களுக்கு இடையே போதிய இடைவெளி இல்லை என்ற காரணமும் பொதிந்திருக்கிறது. "சவலைன்னு நீங்க சொல்றது சரிதான் அக்கா, அதுக்கு என்ன செய்யலாம்னு பார்ப்போம்" என்று தொடங்கினால், மந்திரிப்பவரிடம் போவதைத் தடுக்காமலேயே மருத்துவமனைக்கும் அழைத்துப்போக முடியும்.

பிறகு, நேற்று விடிந்ததிலிருந்து இரவு தூங்கும் வரை பிள்ளை வாயில் போனது என்னென்ன, யார் ஊட்டினார்கள் என்று வேளை வேளையாகக் கேட்டு எழுதுங்கள். "நல்லா சாப்பிடுதா?" என்று பொதுவாகக் கேட்டால் "சாப்பிடுது" என்றுதான் பதில் வரும். வேளை வேளையாகக் கேட்டால், காலையில் கடைத் தேநீரில் நனைத்த பன், நண்பகலில் அக்காள் பிசைந்து கொடுத்த வெறும் ரசச்சோறு, மாலையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலம், இரவில் ஊட்டுவதற்குள் தூக்கம் என்று உண்மையான நாள் வெளிப்படும். பெரும்பாலான வீடுகளில் அறியாமையைவிடத் தாயின் நேரமின்மையே பெரிய காரணம் என்பதும் அப்போது விளங்கும்.

சிவப்பு காட்டினால்

நாடா சிவப்பு காட்டிய பிள்ளையையும், இரு கால்களிலும் வீக்கமுள்ள பிள்ளையையும் அன்றோ மறுநாளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ச்சலும் வேறு நோயும் இல்லாமல், கொடுப்பதை ஆவலாகச் சாப்பிடும் பிள்ளையாக இருந்தால், மருத்துவர் பார்த்த பிறகு சிகிச்சை உணவுப் பொட்டலங்களுடன் வீட்டிலிருந்தே தேற்றலாம். 2022 மே மாதம் உதகையில் தொடங்கப்பட்ட 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் கடும் மெலிவுள்ள பிள்ளைகளுக்கு இவ்வுணவு எட்டு வாரங்களுக்கு வழங்கப்படுகிறது. அது பிள்ளைக்கான மருந்து. அண்ணன் தம்பிகளுக்குப் பங்கிடும் தின்பண்டமன்று. இதை மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லிப் புரியவைப்பது நல்லது. பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும் மூத்த பிள்ளைக்கு ஒரு வாழைப்பழமாவது கொடுத்துவிட்டால் பங்கீடு குறையும்.

பால் குடிக்காமை, குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பியும் தெளியாத மயக்கம், வேகமான மூச்சு, உடல் சில்லிடுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைத்து, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் உள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரிப் பக்கமென்றால் ஜிப்மர் என அருகில் உள்ள பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குச் செல்ல வேண்டும். வண்டி வரும்வரை பிள்ளையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து, மேலே துணி போர்த்தி, தலையையும் மூடுங்கள். நினைவோடு விழுங்கும் நிலையில் இருந்தால், கொதித்து ஆறிய நீர் மூன்றரை மேசைக்கரண்டியில் ஒரு குவிந்த தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். கடும் மெலிவுள்ள உடலில் சர்க்கரையும் சூடும் விரைவாகக் குறைந்துவிடும். பல பிள்ளைகள் வழியிலேயே இறந்துபோவதற்கு இதுவே காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எலும்பும் தோலுமான பிள்ளையைக் கண்டு மனம் பதறி, ஒரே நாளில் முட்டையும் பாலும் கறியும் திணித்துவிட வேண்டாம். நீண்ட நாள் வறண்டிருந்த இதயத்தாலும் சிறுநீரகத்தாலும் திடீர்ச் சுமையைத் தாங்க முடியாது. மருத்துவமனையிலும் முதல் சில நாட்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிய அளவில் மெல்லிய பாலுணவு கொடுத்தே தொடங்குவார்கள். "பட்டினி போடறாங்க" என்று தாய் பயந்து வெளியேறிவிடாமலிருக்க, இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட மெலிந்த குழந்தையை நாடாவால் முடிவு செய்ய முயலாமல் நேரே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு வாரம் மருத்துவமனையில் தங்குவதென்றால் தாயின் கூலி போகும், வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருக்காது. கூலி இழப்பை ஈடுகட்டும் தொகை கிடைக்குமா என்று சேர்க்கும் நாளிலேயே கேட்பதும், வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வேளைச் சோற்றை அக்கம்பக்கத்தில் ஏற்பாடு செய்வதும் சிகிச்சையின் பகுதியே. இந்த ஏற்பாடு இல்லாதபோது மூன்றாம் நாளே தாய் வீடு திரும்பிவிடுகிறாள்.

மஞ்சள் காட்டும் பிள்ளைக்கும், எல்லாப் பிள்ளைக்கும் ஊட்டுவது

கடலூர் மாவட்டத்து வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்த வயிற்றுக்குச் சோறிடுவதன் அருமையை இந்த மண்ணுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையின் வயிறு நிறைவதும் உடல் வளர்வதும் வேறு வேறு. அந்த வயிறு மிகச் சிறியது. நீர்த்த கஞ்சியால் அது நிறைந்துவிடும். வளர்ச்சிக்கான சத்தோ அதில் கால்பங்குகூட இருக்காது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீரும் வேண்டாம், கழுதைப்பாலும் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும், இரண்டு வயது வரையிலும் அதற்குப் பிறகும் தாய்ப்பாலைத் தொடர்ந்தபடியே இணை உணவைத் தொடங்க வேண்டும். கஞ்சியின் பக்குவத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு: கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி ஒழுகி ஓடக் கூடாது, திரண்டு மெல்ல நழுவ வேண்டும். 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி அரைக் கிண்ணம் வரை கூட்டுங்கள். ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளையும், இடையில் ஒன்றிரண்டு சிற்றுணவும் வேண்டும். குழையப் பிசைந்த சோற்றிலும் பருப்பிலும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ சேர்த்தால், அளவு கூடாமலேயே ஏறத்தாழ 45 கலோரி கூடும். செலவு குறைந்த வழிகளில் இதைவிடப் பயனுள்ளதாக எதையும் நான் அறியேன்.

இந்தப் பகுதியில் விளைவதையும் கிடைப்பதையும் கொண்டே நல்ல உணவு அமைக்கலாம். தாளடியில் விளையும் உளுந்தை வறுத்து மாவாக்கிக் களியாகக் கிண்டலாம். விருத்தாசலம் பக்கத்து வேர்க்கடலையையும், பண்ணுருட்டி முந்திரியில் உடைந்து மலிவாக வரும் துண்டுகளையும் வறுத்து நைசாகப் பொடித்துக் கஞ்சியில் கலக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கடலையை முழுதாகக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். பூஞ்சணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். கம்பும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நான் சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்தவை. கீரையை இரண்டு வயதுப் பிள்ளை துப்பிவிடுகிறதென்றால், உருவிய இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்துக்கொண்டு, பருப்புச்சோற்றில் அரைத் தேக்கரண்டி கலக்கலாம்.

கழிமுகத்துப் பெண்கள் பிடித்து வரும் இறாலிலும் சிறுமீனிலும் பெரும்பகுதி வியாபாரிக்குப் போய்விடுகிறது, வீட்டுக்கு மிஞ்சுவது குறைவு. விலை போகாத பொடிமீன்களைப் பிள்ளைக்கென்று எடுத்துவைக்கச் சொல்லுங்கள். நெத்திலி போன்ற சிறுமீனை உப்பில்லாமல் மணல் படாத இடத்தில் காயவைத்து, தலையை நீக்கி, வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்தால் முள்ளோடு சேர்ந்து நைந்துவிடும். புரதமும் சுண்ணாம்புச்சத்தும் ஒருங்கே கிடைக்கும். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி போதும். கடைக் கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் சிறு பிள்ளைக்கு அது ஏற்றதன்று.

வயல் நத்தை, நண்டு, ஈசல், வயல் எலி ஆகியவற்றை உண்பதைப் பற்றி வெளியாட்கள் முகஞ்சுளிப்பதால், இருளர் தாய்மார் அவற்றை உங்களிடம் சொல்லத் தயங்குவார்கள். அவை நல்ல புரதம் தரும் உணவுகள். தலைமுறை தலைமுறையாக அந்தப் பிள்ளைகளைக் காத்தவை. நன்றாக வேகவைத்துப் பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: எலிமருந்து வைத்த வயலிலும், புதிதாகப் பூச்சிமருந்து அடித்த வயலிலும் பிடித்தவை வேண்டாம்.

அங்கன்வாடியிலிருந்து வரும் சத்துமாவைக் குடும்பமே பகிர்ந்துகொள்வதும், கசக்கிறது என்று மூலையில் கிடப்பதும் இரண்டுமே நடக்கின்றன. அதைக் கொழுக்கட்டையாகவும் அடையாகவும் எண்ணெய் விட்டுச் செய்து காட்டுங்கள். ஒரு குடிசை வாசலில் அடுப்பு மூட்டிச் செய்து காட்டினால் பத்துப் பேர் கூடுவார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மையத்தில் வாரம் மூன்று முட்டை உண்டு. அந்த நாட்களில் பிள்ளை மையத்துக்குப் போகிறதா என்பதைத் தனியே கவனியுங்கள். சிறு பிள்ளைக்குத் தேநீர் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அது பசியைக் கெடுப்பதோடு உணவிலுள்ள இரும்புச்சத்தையும் உடலில் சேரவிடாது.

யார் ஊட்டுவது என்பதைத் தீர்க்காமல், என்ன ஊட்டுவது என்று பேசிப் பயனில்லை. தாய் விடியலில் புறப்படுவதற்கு முன் ஒரு பாலூட்டல், அவள் போன பின் ஆயாவோ அத்தையோ ஊட்டும் இரண்டு வேளை, திரும்பியதும் ஒரு பாலூட்டல், விளக்கு வைத்ததும் முதலில் பிள்ளைக்கு ஊட்டல், இரவில் பிள்ளை கேட்கும்போதெல்லாம் பால் என்று அந்த வீட்டுக்கேற்ற ஒழுங்கை அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எட்டு வயது அக்காளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் அவளுடைய பள்ளிக்கூடம் போய்விடும். பிள்ளைக்கெனத் தனிக் கிண்ணம் ஒன்று வையுங்கள். பெரிய தட்டில் எல்லோரோடும் சேர்ந்து உண்ணும் சிறு பிள்ளை எவ்வளவு உண்டது என்று யாருக்கும் தெரிவதில்லை.

நோயும் நீரும்

ஊட்டிய சத்தை ஒரே வாரப் பேதி கொண்டுபோய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குடியிருப்பைச் சுற்றி நீர் நிற்கும். மீன்பிடியும் கூலிவேலையும் நின்று, வீட்டில் அரிசி குறையும் காலமும் அதுவே. மழைக்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் துத்தநாக மாத்திரைகளும் இருக்கச் செய்யுங்கள். பேதி கண்டால், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் துத்தநாகத்தை நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாளும் கொடுக்க வேண்டும். பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பேதியின்போது பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம். ஆனால் சிவப்பு காட்டிய பிள்ளைக்குப் பேதி கண்டால், வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அத்தகைய உடலுக்குக் கரைசலின் அளவையே மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ, ஒரு வயதிலிருந்து ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மருந்து, வாரம் இருமுறை இரும்புச்சத்து மருந்து, தடுப்பூசிகள் ஆகியவை விடுபடாதிருக்கின்றனவா என்று தாய் சேய் நல அட்டையைப் பாருங்கள். கடும் மெலிவுள்ள பிள்ளைக்கு இரும்புச்சத்து மருந்தை எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

உரிமையைக் கேட்பது

அங்கன்வாடி உணவுக்குச் சாதிச் சான்றிதழ் தேவையில்லை. கோட்டாட்சியரிடமிருந்து வர வேண்டிய பழங்குடிச் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த குடும்பங்கள், "நம்மகிட்டதான் எந்தப் பேப்பரும் இல்லையே" என்று எண்ணிப் பிள்ளையை மையத்துக்கு அனுப்பாமலே இருந்துவிடுவதுண்டு. அந்த எண்ணத்தை முதலில் களையுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்து மையம் இல்லாத குடியிருப்பு, கோரிக்கை வைத்த மூன்று மாதத்துக்குள் மையம் பெற உரிமையுடையது என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று ஆணையிட்டது. பட்டியல் வகுப்பினரும் பழங்குடியினரும் வாழும் இடங்களுக்கு இதில் முன்னுரிமையும் உண்டு. நீங்கள் எழுதிய பெயர்ப்பட்டியலையே மனுவோடு இணைத்துக் கொடுங்கள். குத்துமதிப்பான எண்ணிக்கையைவிட வயதோடு கூடிய பெயர்களுக்கு வலு அதிகம். பிள்ளைகள் அந்த எண்ணிக்கைக்குக் குறைவாக இருந்தாலும், மையம் பெருவழிச்சாலைக்கு அப்பாலோ ஓடைக்கு அக்கரையிலோ இருந்தால், மழைக்காலத்தில் உணவைக் குடியிருப்புக்கே கொண்டுவரக் கேட்கலாம்.

கருவுற்ற பெண்கள் கிராம சுகாதார செவிலியரிடம் முதல் மூன்று மாதத்திலேயே பதிந்துகொண்டால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்கு உதவி கிடைக்கும். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தை தொடக்கத்திலேயே பின்தங்கிவிடுகிறது என்பதால், பிள்ளையின் மெலிவைத் தடுக்கும் வேலை தாயின் வயிற்றிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

தொடர்ந்து பார்ப்பது, குடும்பம் இடம்பெயர்ந்தாலும்

சிவப்புப் பிள்ளையை வாரம் ஒருமுறையும், மஞ்சள் பிள்ளையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், மற்றவர்களை மாதம் ஒருமுறையும் அளந்து, ஒரே நோட்டில் ஒரே வரியில் எழுதி வாருங்கள். தேறி வரும் பிள்ளை உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளுக்கு 5 கிராமாவது கூட வேண்டும். 6 கிலோ பிள்ளையென்றால் வாரத்துக்குச் சுமார் 200 கிராம். இரண்டு வாரம் எடை கூடவில்லையென்றால் ஊட்டுவதில் குறையா, உள்ளே காசநோய் போன்ற வேறு நோயா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு அளவுகளில் 12.5 சென்டிமீட்டரை எட்டி, இரண்டு வாரமாக வீக்கமும் இல்லாமலிருந்தால் பிள்ளை தேறிவிட்டதாகக் கொள்ளலாம். அதன் பிறகும் ஆறு மாதத்துக்காவது விடாமல் அளந்து வாருங்கள்.

இத்தனையும் செய்து, பொங்கல் முடிந்ததும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பம் பிள்ளையோடு சூளைக்குப் போய்விடும். போகக் கூடாது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்களுக்கு வேறு வருவாயும் இல்லை. மார்கழியிலேயே யார் யார் போகிறார்கள், எந்த ஊர்ச் சூளை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கடைசிக் கைச்சுற்றளவு, எடை, கொடுத்துவரும் மருந்து, போட வேண்டிய தடுப்பூசி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அட்டையோடு சேர்த்து நெகிழிப் பையில் போட்டுத் தாயிடம் கொடுங்கள். மழையிலும் சேற்றிலும் தாள் போய்விடும் என்பதால், குடும்பத்தில் யாருடைய கைப்பேசியிலாவது அதன் படமும் இருக்கட்டும். சூளைக்கு அருகிலுள்ள அங்கன்வாடியிலும் பிள்ளையைப் பதியலாம். எந்த ஊரிலும் நியாயவிலைக் கடையில் அரிசி வாங்க முடியும் என்பதால் குடும்ப அட்டையையும் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். அங்குள்ள பணியாளரின் கைப்பேசி எண் கிடைத்தால் நீங்களே பேசி, பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். மாதம் ஒருமுறை தாயை அழைத்து, அந்த மாதம் பிள்ளை எத்தனை நாள் மையத்துக்குப் போனது, எத்தனை நாள் பேதி இருந்தது என்ற இரண்டையும் கேட்டு உங்கள் நோட்டில் அந்தப் பிள்ளையின் வரியில் எழுதுங்கள். சூளை மூடி ஆனி, ஆடியில் அவர்கள் திரும்பி வரும் நாளன்று, மூட்டை இறக்கும் முன்பே நாடாவோடு போய் நில்லுங்கள்.